காட்பாடி ஆட்டோக்கார அண்ணனுக்கு

பெயரைக் கேட்காமல் விட்டது என் தவறு. சனிக்கிழமை காலை காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவந்த அண்ணனுக்கு இந்த நன்றி.

நான் வந்தது வேலூரில் நடந்த ஒரு பயிற்சிக் கருத்தரங்குக்கு. நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி செய்பவர்களுக்கானது அது. பக்கவாதத்தால் முடங்கிய கைக்கு ஸ்பிளின்ட், அதாவது கையைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் தாங்கி, செய்வது பற்றி நான் பேச வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த ஊரில் பேசுகிறோம் என்ற படபடப்பு வேறு. மாதிரிகள் இருந்த பையை உங்கள் வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்த ஸ்பிளின்ட் பிளாஸ்டிக், 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் அப்பளம்போல் துவண்டுவிடும். வேலூர் வெயிலை நம்ப முடியுமா? பையைத் திறந்ததும் கை வடிவங்களைப் பார்த்து, "யாரோ நோயாளிக்கு உரியது" என்று நினைத்தீர்களாம். சவாரியை விட்டுவிட்டு, ஈரத்துண்டைப் போர்த்திக் கொண்டுவந்தீர்கள். என் முறை வர இருபது நிமிடம்தான் இருந்தது. பணம் நீட்டினேன், முறைத்தீர்கள்.

பையில் இருந்த, பலமில்லாத கையாலும் பிடிக்க முடிகிற பிடி தடித்த கரண்டியைக் காட்டி, "எங்கள் அப்பாவுக்கு இது உதவுமா?" என்று கேட்டீர்கள். ஒன்றைக் கையில் திணித்தேனே தவிர, விளக்க நேரமில்லை. இப்போது சொல்கிறேன்: வீட்டுக் கரண்டியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபை நன்றாகக் கழுவிச் சுற்றினாலும் போதும். தட்டுக்கு அடியில் ஈரத்துணியை விரியுங்கள், நகராது. சாப்பிடும்போது அப்பாவை நிமிர்ந்து உட்கார வையுங்கள், அண்ணா.