பிள்ளை நன்றாக இருந்தாலும் பூச்சி மாத்திரை கொடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு,

வணக்கம். பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள் நெருங்கினாலே, "எம்பிள்ளை நல்லாத்தானே இருக்கு, அதுக்கு எதுக்கு மாத்திரை?" என்ற பேச்சு எழுகிறது. அன்றைக்கு மட்டும் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. நன்றாக இருப்பதாக நமக்குத் தோன்றுவதற்கே புழு காரணமாக இருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்வோம். கண்மாய்க் கரையிலும் கருவேலங்காட்டிலும் மலம் கழித்த இடத்தில், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் முட்டை பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுப்புழு தயாராகிவிடும். வெறுங்காலோடு போகிற பிள்ளையின் தோலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். அங்கே குடல் சுவரைக் கடித்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழும்.

இத்தனை நாள் உடம்பு அதை எப்படி விட்டுவைக்கிறது? புழு நுழைந்தால் அதை எதிர்க்க ஈஸ்னோபில் என்ற ஒருவகை ரத்த வெள்ளையணுக்கள் திரண்டு வரவேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து 'ஈஸ்னோபீலியா' என்கிறோமே, அந்த அணுதான். அவற்றை அழைக்கும் புரதங்களில் ஒன்று ஈயோடாக்சின். கொக்கிப்புழு சுரக்கும் ஒரு நொதி அந்தப் புரதத்தையே வெட்டிவிடுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

அதைவிட என்னை வியக்கவைப்பது இன்னொன்று. எதிர்ப்பு எல்லை மீறிப்போய் நம் சொந்தத் திசுவையே கெடுத்துவிடாமல் அடக்கிவைக்க, உடம்பிலேயே 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்ற வெள்ளையணுக்கள் இருக்கின்றன. நாள்பட்ட தொற்றில் புழு சுரக்கும் பொருள்கள் இந்தச் செல்களைத் தூண்டுகின்றன. இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் புரதங்கள் கூடுகின்றன. வீட்டுக்காரர் குரலிலேயே பேசி, காவல்காரனைத் திருடன் தூங்கவைப்பது மாதிரி. காய்ச்சல் இருக்காது, வயிற்றுவலியும் பல பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தெரியாது. ரத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஒரு புழு நாளைக்கு 0.03 மில்லி முதல் 0.2 மில்லி வரை, வகையைப் பொறுத்து. சின்னக் கணக்குத்தான், ஆனால் நிறைய புழுக்கள் மாதக்கணக்கில் குடித்தால், வளரும் பெண்பிள்ளை வெளிறிப்போய் வகுப்பில் சோர்ந்து உட்காருவாள். நாம் "சரியாச் சாப்பிடறதில்ல" என்று அவளையே திட்டுவோம்.

அம்மை ஒருமுறை வந்து போனால் எதிர்ப்புச் சக்தி நிலைத்து நிற்பதுபோல இதற்கு நிற்பதில்லை. புழு மறுபடியும் வரும். பொதுவாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மாத்திரை தருவது இதனால்தான்.

ஆச்சிமார் கொடுத்த வேப்பங்கொழுந்து உருண்டையை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அது பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராமுக்கு ஈடாகாது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி மாத்திரை போதும். பெரிய பிள்ளைகள் மென்று சாப்பிடட்டும். சிலருக்கு லேசாகக் குமட்டும், வயிறு வலிக்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம், குணமான பிறகு கொடுக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. மாத்திரை நாளில் வராத பிள்ளைகளின் பெயரைக் கழகமே எழுதிவைத்து, விடுபட்டவர்களுக்குத் திரும்பக் கொடுக்கும் நாளில் வீடு தேடிப்போய்க் கூட்டிவாருங்கள். அப்புறம், பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். பூட்டிக்கிடந்தால் பிள்ளைகள் கண்மாய்க் கரைக்குத்தான் போவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தேவகோட்டை