உட்கார ஒரு ஸ்டூல்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? சரி, இனி உனக்கு வாக்கிங் தனியாகத் தேவையில்லை. இங்கே எல்லோரும் நலம். மாமியாருக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

உன் மகள் ஆபீஸில் ஆரோக்கிய வாரம் கொண்டாடிய கதையைப் படித்துச் சிரித்தேன். காலையில் யோகா, மதியம் பழச்சாறு, மன அழுத்தம் பற்றி ஒரு சொற்பொழிவு. அந்த வாரமும் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்பினாளாமே! யோகாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்க்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35-40 மணி நேரம் பார்க்கிறவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. அவளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல், பழச்சாறை நீயே போட்டுக் கொடுத்துவிடலாம்.

நம் கதை நினைவிருக்கிறதா? மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் காலையில் ஏறி நின்றால் கடை அடைக்கும்வரை நின்றபடிதான். கவுன்டரில் லேசாகச் சாய்ந்தாலே சூப்பர்வைசர் முறைப்பார். கழிப்பறைக்கு மூன்று மாடி ஏற வேண்டும் என்று தண்ணீரே குடிக்க மாட்டோம், அப்புறம் நீர்க்கடுப்பு. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்திலேயே இருந்திருக்கிறது. நாம் இருபது நிமிஷத்தில் தூக்குவாளியைக் காலி செய்துவிட்டு ஓடி வந்தோம்.

உட்காரும் உரிமைக்கு நமக்கு முன்பே குரல் கொடுத்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள்தான். விஜி என்ற தையல்காரப் பெண் முன்னால் நிற்க, 'பெண்கூட்டு' என்று சேர்ந்து போராடினார்கள். 2018இல் கேரளா சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையும், கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தது.

எங்கள் கடைக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. வந்து என்ன செய்ய? கொஞ்ச நாள் அதில் சேலைப் பெட்டிதான் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பயம். இப்போது நான் செக்ஷன் பொறுப்பாளர் இல்லையா, மதியம் கூட்டம் குறைந்ததும் நானே முதலில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட சேலைகளை மடியில் வைத்து மடிக்க ஆரம்பித்தேன். அதைப் பார்த்து ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விற்பனை குறைந்தால் சொல்வார், குறையவில்லை.

எனக்கு இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். டாக்டர் படம் போட்டே காட்டினார். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசை அழுத்தித் தள்ள வேண்டுமாம். நடந்தாலோ காலை அசைத்தாலோதான் அது வேலை செய்யும். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, ரத்தக்குழாய்க்குள் இருக்கிற வால்வு பழுதாகிவிடுகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தாலும் அந்தத் தசைக்கு வேலை கிடையாது, அதை உன் மகளிடம் சொல். நான் பில் போடக் காத்திருக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். புதுப் பெண்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ராத்திரி தலையணையில் காலை உயர்த்தி வைத்துப் படுக்கிறேன், வீக்கம் குறைந்திருக்கிறது.

கழிப்பறை மட்டும் இன்னும் மூன்றாவது மாடியில்தான். கீழே ஒன்று கட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம், எல்லோரும் கையெழுத்துப் போட்டு. தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். விடப் போவதில்லை.

நீ கேட்ட மாம்பழ மஞ்சள் சுங்குடி வந்திருக்கிறது. அரக்கு பார்டரா, பச்சையா? சீக்கிரம் எழுது, எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
செல்வி