உச்சி வெயிலில் சோலார் நிற்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் ஊருக்கு ஊர் மாடிகளில் பேனல் ஏறுகிறது. நல்ல காரியம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். ஆனால் பல வீடுகளில், அதிகம் கிடைக்க வேண்டிய உச்சி வேளையில்தான் இன்வெர்ட்டர் (பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கும் தெரு லைனுக்கும் ஏற்ற ஏசியாக மாற்றும் பெட்டி) நின்று நின்று ஓடுகிறது. பேனல் மட்டம், இன்வெர்ட்டர் சரியில்லை என்று மாட்டிக் கொடுத்தவரோடு சண்டை. சரக்கில் குறை இல்லாத இடத்திலும் இது நடக்கும். காரணம் தெருக் கம்பியில் இருக்கிறது.

நம் தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. ஒரு பேஸுக்கு, அதாவது தெருவில் ஓடும் மூன்று மின் கம்பிகளில் ஒன்றுக்கு, அது 250 வோல்ட். வீட்டுக்கு 230 போதுமே, மிச்சம் 20 எதற்கு? வழியில் கம்பி தின்றது போகக் கடைசி போஸ்ட் வீட்டுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான். மின்சாரம் டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்கு மட்டும் வந்த காலத்தில் போட்ட கணக்கு அது. இப்போது மதியம் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் மாடியில் விளையும் மின்சாரம் எதிர்த்திசையில் தெருவுக்குப் போகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் தண்ணீர் பாயும். தெருவுக்குத் தள்ள வேண்டுமானால் வீட்டு வோல்டேஜ் தெருவைவிட ஏறியே ஆக வேண்டும்.

எவ்வளவு ஏறும்? 3 கிலோவாட் என்பது சுமார் 13 ஆம்பியர். மெல்லிய அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 1.4 ஓம் வரை தடை உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்குப் போக வர 600 மீட்டர், 0.84 ஓம். பெருக்கினால் 11 வோல்ட். தெருவில் வேறு லோடு இல்லாத மதியத்தில் டிரான்ஸ்பார்மரில் 245 இருந்தால் அந்த வீட்டில் 256. இது ஒரே ஒரு வீட்டு சோலாரின் கணக்கு. வோல்டேஜ் 230-இல் 110 சதவீதத்தை, அதாவது 253-ஐத் தாண்டினால் 2 வினாடிக்குள் இன்வெர்ட்டர் லைனை விட்டு விலக வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. விலகியதும் வோல்டேஜ் இறங்கும். சற்றுப் பொறுத்து இன்வெர்ட்டர் மறுபடி சேரும், மறுபடி ஏறும், மறுபடி விலகும். உச்சியில் ஒரு மணி நேரம் இப்படிப் போனால் 2 யூனிட் வரை நஷ்டம்.

மின்வெட்டு நேரத்தில் பேட்டரி இல்லாத சோலார் ஓடாததும் பாதுகாப்புக்காகத்தான். அது ஓடினால் நிறுத்தி வைத்த லைனிலும் மின்சாரம் பாயும்; போஸ்ட்டில் ஏறி நிற்கும் லைன்மேனின் உயிருக்கு ஆபத்து. இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

குறை யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெயில் நன்றாக அடிக்கும் 12 மணிக்கு எலக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் போர்டிலும் அடுத்தடுத்து வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வீட்டு ஒயரிங்கைப் பாருங்கள். மாடியிலிருந்து மீட்டர் வரை 25 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்திருந்தால் அதிலேயே 5 வோல்ட் ஏறிவிடும். 6 சதுர மி.மீ. என்றால் 2 வோல்ட்டோடு நிற்கும். லூசான ஜாயின்ட் இருந்தாலும் இதே கதைதான், கூடவே சூடும் ஏறும். மீட்டர் போர்டிலேயே 253-ஐத் தொட்டால் வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்: தண்ணீர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் மதியத்துக்கு மாற்றலாம்.

மீதியை மின்வாரியம்தான் செய்ய வேண்டும். ஒரே பேஸில் குவிந்த சிங்கிள் பேஸ் சோலார்களை மூன்று பேஸுக்கும் பிரித்துப் போடுவது செலவில்லாத வேலை. முதலில் அதைச் செய்யலாம். பிறகு மெல்லிய கம்பியை மாற்றலாம். டேப் (வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உள்ள டிரான்ஸ்பார்மரில் சப்ளையை நிறுத்திவிட்டு வோல்டேஜை ஒரு படி இறக்கலாம். ஆனால் அவசரப்பட்டு இறக்கினால் மாலை 7 மணிக்குக் கடைசி வீட்டில் விளக்கு மங்கும், மோட்டார் சுற்றாது. இறக்கலாமா என்பதை மதிய வோல்டேஜ், மாலை வோல்டேஜ் இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

லைனின் நிலையைத் தானே அளந்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் ஸ்மார்ட் கிரிட்டுக்கு இங்குதான் வேலை. ஸ்மார்ட் மீட்டர் என்றாலே பில் பற்றியே பேச்சு நடக்கிறது. அந்த மீட்டர் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜையும் பதிந்து அனுப்பும். எல்லா வீட்டுக்கும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சோலார் அதிகமுள்ள இடங்களில் டிரான்ஸ்பார்மரிலேயே ஒன்று, ஒவ்வொரு லைனின் கடைசி போஸ்ட் வீட்டில் ஒன்று என்று முதலில் வைத்தால், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வோல்டேஜ் எல்லை மீறுகிறது என்று அலுவலகத்தில் இருந்தே பார்க்கலாம்.

அந்த மதிய உச்ச வோல்டேஜை டிரான்ஸ்பார்மர் வாரியாக மின்வாரியம் இணையதளத்தில் போட வேண்டும். மீட்டர் வராத இடத்தில், சோலார் விண்ணப்பம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் அளக்க வேண்டும். பட்டறைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்கும் அன்றைக்குத்தான் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். 250-க்கு மேல் காட்டினால் லைனைச் சரிசெய்த பிறகு சோலாருக்கு இணைப்புக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மின் விநியோகப் பொறியாளர்கள் இருவர்