சான்றிதழை நம்பி இறக்கிய பீப்பாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இறக்குமதிச் சரக்குக்குப் பரிசோதனை எதற்கு, காகிதம் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் பனாமாவில் 2006-ல் நடந்ததைப் படிக்க வேண்டும். சீனாவில் புறப்பட்ட 46 பீப்பாய் ரசாயனம் ஸ்பெயின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது, சான்றிதழில் 99.5 சதவீதம் சுத்தமான கிளிசரின் என்று இருந்தது, கைமாற்றிய மூன்று வணிக நிறுவனங்களில் ஒன்றுகூடச் சோதிக்கவில்லை, கடைசியில் அரசு ஆய்வகமே அதைச் சேர்த்து இருமல் சிரப் தயாரித்து மக்களுக்குக் கொடுத்தது. உள்ளே இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால், சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும் விஷம். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். எழுதும்போதே மனசு பதறுகிறது.

சரி, அப்புறமாவது விழித்தார்களா? 2007-ல் அதே ரசாயனத்தின் பெயர் டூத்பேஸ்ட் ட்யூபிலேயே அச்சாகி, பனாமா நகரக் கடையில் விற்பனைக்கு இருந்தது. அதைப் படித்துப் பார்த்துப் புகார் கொடுத்தவர் கடைக்குப் போன ஒரு சாதாரண மனிதர்.

2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பிலும் இதே விஷம்தான், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். துறைமுகமோ தொழிற்சாலையோ, ஒவ்வொரு பீப்பாயையும் திறந்து மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே மருந்தில் சேர்க்க விட வேண்டும், அந்த முடிவை யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி