ரீஸ்டார்ட் சொல்வதற்கு முன்: வங்கிக் கணினி இயக்கப் பிரிவு மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் வங்கிகளில் கணினி இயக்கப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

சாங்கி வர்த்தகப் பூங்காவில் வேலை பார்க்கும் டெவலப்பர் ஒருவன் எழுதுகிறேன். நடுராத்திரியில் உங்களில் பலர் எங்களை அதட்டுவது தமிழில்தான், ஆகவே நானும் தமிழிலேயே கேட்டுவிடுகிறேன். டேட்டா கேஷ் கிளஸ்டர், அதாவது தரவை நினைவகத்திலேயே பகிர்ந்து வைத்திருக்கும் கணினிகளின் கூட்டம் (ஒவ்வொன்றும் ஒரு நோடு), ஹேங் ஆகி நின்றால், ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வதற்கு முன் காரணத்தின் தடயத்தை எடுக்க எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

உங்கள் அவசரம் புரியாமல் இல்லை. முக்கியமான கணினி அமைப்பு ஒன்று, எந்த 12 மாதத்தை எடுத்தாலும் மொத்தமாக 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக் கூடாது என்கிறது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. பெரிய கோளாறு என்று தெரிந்தால் 1 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறீர்கள், சரி. ஆனால் அதே விதி, 14 நாளில் மூலகாரணத்தை எழுதிக் கொடுக்கவும் சொல்கிறது. அந்தக் காரணம் இருந்தது ஓடிக்கொண்டிருந்த புராசஸின், அதாவது இயங்கும் நிரலின், நினைவகத்தில். அதைக் கொன்ற பிறகு அறிக்கையில் நாங்கள் எழுதுவது ஊகம்தான். அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வரும்போது உங்கள் 4 மணி நேரத்தைத்தான் தின்னும்.

முதலில் டெட்லாக். ஒரே ஜாவா புராசஸுக்குள் இரண்டு திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஒன்றின் பூட்டுக்கு மற்றொன்று காத்துக் கிடந்தால், திரெட்களின் நிலையைக் காட்டும் ஜேஸ்டாக் கட்டளையே கண்டுபிடித்துக் கடைசியில் அச்சடித்துத் தந்துவிடும். கிளஸ்டரில் அந்த வசதி கிடையாது. அ கணக்கிலிருந்து ஆ கணக்குக்கு ஒரு பணமாற்றம், அதே நொடியில் ஆ கணக்கிலிருந்து அ கணக்குக்கு இன்னொன்று என்று வையுங்கள். முதல் நோடில் உள்ள திரெட் அ கணக்கைப் பூட்டிவிட்டு ஆ கணக்குக்காகக் காத்திருக்கிறது. இரண்டாம் நோடில் நேர்மாறு. ஒவ்வொரு நோடின் திரெட் டம்பையும் (அந்த நொடியில் எந்தத் திரெட் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) தனியாகப் பார்த்தால் குற்றமே தெரியாது, நெட்வொர்க்கிலிருந்து பதில் வரட்டும் என்று ஒரு திரெட் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். ஆகவே எல்லா நோடுகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை டம்ப் எடுக்க வேண்டும். மூன்றிலும் அதே வரியில் அசையாமல் நிற்கும் திரெட்களை நோடுக்கு நோடு ஒப்பிட்டால்தான் வட்டம் புலப்படும். கண்டுபிடித்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் சின்னது: எப்போதும் சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்டு என்று ஒரு ஒழுங்கு வைத்தால் போதும்.

இன்னொரு வகை எங்கள் பக்கத்துக் கைங்கரியம். கேஷில் ஒரு பதிவு மாறியதும் ஓடும் லிஸனர் நிரலுக்குள்ளிருந்தே அதே கேஷை யாராவது திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள். பதிலை வாங்கிக் கொடுக்க வேண்டிய சர்வீஸ் திரெட்டே பதிலுக்குக் காத்திருக்கும். ஆரக்கிள் கோஹெரன்ஸ் என்ற கேஷ் மென்பொருளில் இதற்கென்றே கார்டியன் என்ற காவல் ஏற்பாடு உண்டு. மாற்றாமல் விட்டால் அதன் கெடு 305 விநாடி. அதற்குள் நீங்கள் புராசஸைக் கொன்றுவிட்டால், லாகில் அது எழுதியிருக்கக்கூடிய சாட்சியும் போச்சு.

நினைவகப் பிரச்சினையில் ரீஸ்டார்ட்டே நோயைக் கூட்டும். நான்கு நோடு, ஒவ்வொன்றும் 75 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். ஒன்றை இறக்கினால் அதன் பங்கையும் மற்ற மூன்றும் சுமக்க வேண்டும், அதாவது 100 சதவீதம். உடனே கார்பேஜ் கலெக்ஷன் (வேண்டாத நினைவகத்தைத் துப்புரவு செய்யும் வேலை) நீண்டு நிற்கும், ஹார்ட்பீட் (உயிரோடிருக்கிறேன் என்று நோடுகள் அனுப்பும் செய்தி) தவறும், பிழைத்திருக்கும் நோடையும் செத்ததாக மற்றவை முடிவு கட்டும். அதன் பங்கும் நகரத் தொடங்கும். பேக்கப் ஒன்றே ஒன்று இருக்கும்போது, இந்த நகர்த்தல் முடியுமுன் அடுத்த நோடையும் இறக்கினால் தரவில் ஒரு பகுதியே போய்விடும்.

இதில் பட்ஜெட் வெட்டுக்கும் பங்கு உண்டு. 10 ஜிபி தரவுக்கு ஒரு பேக்கப் சேர்த்தாலே 20. அப்புறம் இண்டெக்ஸ், ஆப்ஜெக்ட்டுகளின் கூடுதல் சுமை, ஒரு நோடு விழுந்தால் தாங்க வேண்டிய இடம். ரெடிஸ் என்ற இன்னொரு கேஷ் மென்பொருள் என்றால் வேறு கதை: 64 பிட் கணினியில் மேக்ஸ்மெமரி என்ற நினைவக வரம்பை வைக்காவிட்டால் அதற்கு உச்சவரம்பே கிடையாது. ஸ்னாப்ஷாட் (தரவின் நகலை வட்டில் சேமிப்பது) எடுக்கும்போது தரவு எழுதுவது அதிகம் நடந்தால் நினைவகத் தேவை இரட்டிப்பை நெருங்கலாம். நினைவகம் போதாமல் போனால் லினக்ஸ் இயங்குதளமே அதைக் கொன்றுவிடும், ரெடிஸ் லாகில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, லினக்ஸின் கெர்னல் லாகில் தேட வேண்டும்.

நினைவகப் பிரச்சினையைத் துப்பறிய ஹீப் டம்ப், அதாவது ஜாவா நினைவகத்தில் இருப்பதையெல்லாம் கோப்பாக எடுப்பது, வேண்டும்; அதற்குப் பாதுகாப்புப் பிரிவு மறுப்பது நியாயம்தான். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணே அதில் கிடக்கும், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எடுக்கும் நேரம் புராசஸும் உறைந்து நிற்கும். அதனால்தான் இதை விடிகாலை மூன்று மணிக்குப் பேச வேண்டாம் என்கிறேன். எந்த மறையாக்கம் செய்த வட்டில் வைப்பது, யார் திறப்பது, எப்போது அழிப்பது என்று பகலிலேயே முடிவு செய்யுங்கள். நினைவகம் தீர்ந்தால் தானாக டம்ப் எழுதும் ஜாவா அமைப்பு இயல்பில் அணைந்தே இருக்கிறது, அதைப் போட அனுமதியுங்கள். நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் குபர்நெட்டீஸில் ஓடினால், டம்ப் எழுதும் இடம் கண்டெய்னருக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் புரோப் உங்களைக் கேட்காமலேயே ரீஸ்டார்ட் செய்து, டம்பும் காணாமல் போகும்.

திரெட் டம்ப் எடுக்க விநாடிகள் போதும், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அதை எடுக்கும் உரிமையை இரவுப் பணியில் இருப்பவருக்குக் கொடுங்கள். ஹீப் டம்ப் ஒரு நோடில் மட்டும், உங்கள் ஒப்புதலோடு. இரண்டையும் இயக்கக் கையேட்டில் ரீஸ்டார்ட் படிக்கு முன்னால் எழுதி, அடுத்த பேரிடர் மீட்பு ஒத்திகையில் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரவு அழைப்புப் பட்டியலில் உள்ள ஒரு டெவலப்பர்