டாக்ஸுக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் நீளமா

எல்லாருக்கும் வணக்கம். நம்ம பிட்காயின் வாலட் லைப்ரரி, அதாவது வாலட் செய்யறவங்க எடுத்துப் போட்டுக்கற கோட் தொகுப்பு, அதோட புது டாக்ஸ் (விளக்கப் பக்கங்கள்) ஒருவழியா வெளிய வந்தாச்சு. ரிலீஸ் நோட்ஸ்ல "டாக்குமென்டேஷன் திருத்தப்பட்டது"ன்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு, அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எத்தனை பேர் மண்டையை உடைச்சிருக்காங்கன்னு அதைப் படிச்சா தெரியாது. கோட் எழுதினவங்க பேரு கமிட்ல (கோட் மாத்தினா விழற பதிவு) தானா நின்னுடும், "இந்தப் பக்கம் எனக்குப் புரியலயே"ன்னு கேட்டவங்க பேரு எங்கயும் நிக்காது. கல்யாண வீட்ல மொய் வச்சவங்க பேரு நோட்டுல இருக்கும், பந்தியில ஓடி ஓடி பரிமாறினவங்க பேரு இருக்காதுல்ல, அந்தக் கதைதான். அதுக்காகத்தான் இந்த மடல். பேரு போட வேணாம்னு பாதிப் பேர் முன்னாடியே சொல்லிட்டாங்க, இந்தத் துறையில அது சகஜம், பிட்காயினை ஆரம்பிச்சு வச்ச சடோஷியே யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அதனால யார் பேரும் போடல. படிச்சா அவங்கவங்களுக்குப் புரிஞ்சுடும்.

முதல் நன்றி, சீட் பக்கத்தை விடாம நோண்டின அக்காவுக்கு. சீட்னா வாலட்டோட சாவி எல்லாம் பிறக்கற ரகசிய நம்பர், அதை வார்த்தைகளா எழுதி வச்சுப்பாங்க.

வேற சாஃப்ட்வேர்ல டாக்ஸ் தப்பா இருந்தா எரர் வரும், நாலு திட்டு திட்டிட்டு கூகிள் பண்ணிப்பாங்க. இங்க அப்படி இல்ல. எரரே வராது, எல்லாம் அழகா ஓடும், காசு மட்டும் ஒருநாள் காணாமப் போயிடும். 2023ல மில்க் ஸாட்னு ஒரு விவகாரம் வந்துச்சு, ஞாபகம் இருக்கும். லிப்பிட்காயின்னு ரொம்ப பழைய லைப்ரரி, அதோட கமாண்ட் லைன் டூல்ல 3ஆம் வரிசை வெர்ஷன்கள்ல பிஎக்ஸ் சீட்னு ஒரு கட்டளை இருந்துச்சு. அது கொடுக்கற ரேண்டம் நம்பர் உண்மையில சிஸ்டம் கடிகாரத்துல இருந்து வந்தது, அதுவும் மொத்தமே 32 பிட். நீங்க 256 பிட் கேட்டாலும் உள்ள இருக்கறது சுமார் 429 கோடி வாய்ப்புதான், கேக்க பெரிய நம்பரா இருக்கலாம், கம்ப்யூட்டருக்கு அது ஒண்ணுமே இல்ல, எல்லாத்தையும் ஒண்ணு விடாம ஓட்டிப் பாத்துடும். கடிகாரத்தை பூஜ்யத்துல வச்சு ஓட்டினா வர்ற சீட்டோட முதல் ரெண்டு வார்த்தை மில்க், ஸாட், அதான் அந்தப் பேரு. 2023 ஜூலைல ஒரே வீச்சுல பல பேரோட வாலட்டைக் காலி பண்ணாங்க, போனது மொத்தம் 9 லட்சம் டாலருக்கு மேலன்னு கண்டுபிடிச்சவங்க கணக்கு போட்டாங்க.

டாக்ஸ் பாக்கற ஆளுக்கு இதுல வயித்தைக் கலக்கற இடம் வேற. அந்தக் கட்டளை பலவீனமா இருக்கலாம்னு எச்சரிக்கை இல்லாம இல்ல, ஒரு பக்கத்துல இருந்துச்சு. அதே கட்டளையை எச்சரிக்கை இல்லாம சாதாரணமா காட்டின பக்கங்களும் இருந்துச்சு. நைட்டு 1 மணிக்கு வேலை முடிக்கணும்னு உக்காந்திருக்கறவன் எந்தப் பக்கத்துல இருந்து காப்பி பண்ணுவான் சொல்லுங்க.

இந்த நியூஸ் வந்ததும் எல்லாரும் ரெண்டு நாள் பேசிட்டு விட்டுட்டோம், அக்கா மட்டும் நம்ம டாக்ஸை மொத்தமா இறக்கி வச்சுக்கிட்டு சீட் உருவாகுற ஒவ்வொரு இடத்தையும் தேடித் தேடி லிஸ்ட் போட்டாங்க. ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ரேண்டம் சோர்ஸைத் தவிர வேற எதுல இருந்தும் சீட் பிறக்கற எக்ஸாம்பிள் ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னு பிடிவாதம். அப்புறம் அவங்க சொன்ன ஒரு விஷயம் இருக்கே, அதை நான் இப்ப எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு திரியறேன்: மஞ்சள் கலர் டப்பாவுக்குள்ள எச்சரிக்கை போட்டா அது பக்கத்துலயே தங்கிடும், கோட் மட்டும்தான் காப்பி ஆகிப் போகும், அதனால எச்சரிக்கையை கோடுக்குள்ளயே கமென்ட்டா வைங்க, அதுவும் கூடவே போகட்டும். இப்ப நம்ம டாக்ஸ்ல பூரா அப்படித்தான் இருக்கு. பாக்க அழகா இல்லன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. இல்லதான். இருக்கட்டும்.

அடுத்து ஒரு காலேஜ் தம்பி. பிட்காயின் பத்தி ஒண்ணும் தெரியாம, பைத்தான் மட்டும் தெரிஞ்சு வந்தான். குவிக்ஸ்டார்ட் பக்கத்தை அப்படியே ஓட்டிட்டு வந்து, "அண்ணா, நான் இப்பதான் வாலட் போட்டேன், ஏற்கனவே நிறைய டிரான்சாக்‌ஷன் காட்டுதே, யாரோடது இது?"ன்னு கேட்டான். பழைய குவிக்ஸ்டார்ட்ல இருந்தது அபேண்டன்னு 11 தடவை, 12ஆவதா அபவுட், அந்த டெஸ்ட் சீட். சீட்டை வார்த்தையா எழுதறதுக்கு பிப் 39ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதோட 2048 இங்கிலீஷ் வார்த்தை லிஸ்ட்ல முதல் வார்த்தையே அபேண்டன்தான், அதை வச்சு டெஸ்ட் பண்றது உலகம் பூரா வழக்கம், இதுல இருக்கறவங்களுக்கு அதைப் பாத்தாலே சிரிப்பு வரும். புதுசா வர்றவனுக்கு எப்படித் தெரியும்? அது ஊருக்கே தெரிஞ்ச சாவி, அதுல யாராச்சும் நிஜக் காசு போட்டா பாட் (தானா ஓடற ப்ரோக்ராம்) வச்சுக் காத்துக்கிட்டு இருக்கறவங்க அடுத்த நிமிஷமே உருவிடுவாங்க. தம்பி கேட்ட அந்த ஒரு கேள்வியால இப்ப குவிக்ஸ்டார்ட் ரெக்டெஸ்ட்ல (நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடற டெஸ்ட் நெட்வொர்க்) மட்டும்தான் ஓடும், நிஜக் காசு ஓடற மெயின்நெட்னு மாத்தினா கோடே நின்னுடும்.

ரெக்டெஸ்ட்டுக்குப் போனதும் அவனோடயே இன்னொரு கேள்வி வந்துச்சு. ஒரு பிளாக் மைன் பண்ணா (புது டிரான்சாக்‌ஷன் கட்டு ஒண்ணைச் செயின்ல சேக்கறது, அதுக்குப் பரிசா புது காயின் வரும்) பேலன்ஸ் 0ன்னு காட்டுது, டாக்ஸ்ல 101 பிளாக் மைன் பண்ணச் சொல்லியிருக்கு, அது என்ன மொய்ப் பணம் மாதிரி ஒண்ணு சேத்து 101? நியாயமான கேள்வி. மைன் பண்ணிக் கிடைக்கற காயின் மேல இன்னும் 100 பிளாக் ஏறினாதான் செலவு பண்ண முடியும், அதனால முதல் பிளாக்ல வந்த 50 காயின் கைக்கு வரணும்னா 101 வேணும், இதான் விஷயம், ரெண்டே வரி. அந்த ரெண்டு வரி எந்தப் பக்கத்துலயும் இல்ல. எங்களுக்கெல்லாம் அது அவ்வளவு பழகிப் போச்சு, எழுதணும்னே தோணல. புரியாதவங்க கேட்டாதான் இதெல்லாம் வெளிய வரும், அதனால "சில்லியா ஒரு டவுட்டு"ன்னு ஆரம்பிச்ச அத்தனை பேருக்கும் சேத்தே சொல்றேன், நீங்க கேட்டதுதான் இந்த டாக்ஸோட பாதி.

டெஸ்ட்நெட்டை, அதாவது எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தற டெஸ்ட் நெட்வொர்க்கை, ஏன் விட்டோம்னு இன்னும் சில பேர் கேக்கறாங்க. பழைய டெஸ்ட்நெட் 3ல டிஃபிகல்ட்டி ரூல்ல (பிளாக் மைன் பண்றது எவ்வளவு கஷ்டம்னு வைக்கற ரூல்) இருந்த ஓட்டையால திடீர்னு பிளாக் கொட்டோ கொட்டுன்னு கொட்டும், சும்மா கிடைக்க வேண்டிய டெஸ்ட் காயினை காசுக்கு வித்தாங்க வேற. 2024 அக்டோபர்ல, பிட்காயினோட முக்கிய சாஃப்ட்வேரான பிட்காயின் கோர் 28லதான் டெஸ்ட்நெட் 4 வந்துச்சு, அதுக்கு முன்னாடி 2021லயே சிக்னெட்னு இன்னொரு டெஸ்ட் நெட்வொர்க் வந்தாச்சு. ஃபாசெட்ல (டெஸ்ட் காயின் இலவசமா தர்ற சைட்) காயின் இல்லன்னு புதுசா வந்த பசங்க திரும்பிப் போறதைப் பாத்துட்டு, எல்லா டுடோரியலையும் ரெக்டெஸ்ட்டுக்கு மாத்தித் தந்த போலந்துக்கார நண்பருக்கு நன்றி. மனுஷன் அதிகம் பேச மாட்டார், பேட்ச் மட்டும் வரும்.

ஃபீ பக்கம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். ஃபீன்னா டிரான்சாக்‌ஷன் சைஸுக்கு ஏத்தபடி மைன் பண்றவங்களுக்குப் போற கூலி, ஒரே ஃபீ ரேட்டை இந்த உலகத்துல நாலு விதமா எழுதறாங்க (சாட்னா சடோஷி, பிட்காயினோட மிகச் சின்னக் காசு; விபைட், வெயிட் யூனிட் ரெண்டும் சைஸ் அளவு). 1 சாட் பெர் விபைட்னு வாலட்ல காட்டுவாங்க, அதே 1000 சாட் பெர் கிலோ விபைட், அதே 250 சாட் பெர் கிலோ வெயிட் யூனிட், பிட்காயின் கோர் கிட்ட எஸ்டிமேட் கேட்டா அது 0.00001 பிட்காயின் பெர் கிலோ விபைட்னு பதில் சொல்லும். ஒண்ணு கேக்கற இடத்துல இன்னொண்ணைக் கொடுத்தா 4 மடங்கோ 1000 மடங்கோ தள்ளிப் போயிடும், கம்ப்யூட்டர் மறுபேச்சு பேசாம கையெழுத்து போட்டுக் கொடுத்துடும். ஃபீ தப்பா போறது சும்மா கற்பனை இல்ல, 2023 செப்டம்பர்ல ஒரு பெரிய கம்பெனியோட சாஃப்ட்வேர் பக்னால ஒரே ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு 19 பிட்காயினுக்கு மேல ஃபீ போச்சு, அன்னிக்கு விலைக்கு சுமார் 5 லட்சம் டாலர். அங்க மைனிங் பூல் (சேர்ந்து மைன் பண்ற கூட்டம்) நல்ல மனசு பண்ணி திருப்பிக் கொடுத்தாங்க, எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

நம்ம ஃபீ பக்கத்தை உக்காந்து சரி பண்ணவங்க ப்ரோக்ராமரே இல்ல, கணக்கு வழக்கு பாக்கற வேலையில இருக்கற ஒரு மேடம். "யூனிட் இல்லாத நம்பரை எங்க ஆபீஸ்ல பைல்ல ஏத்தவே மாட்டாங்க, நீங்க என்னன்னா ஃபீ ஈக்வல்ஸ் 5ன்னு எழுதி வச்சிருக்கீங்க"ன்னு ஒரே போடு. இப்ப எக்ஸாம்பிள்ல வர்ற ஒவ்வொரு வேரியபிள் பேருலயும் யூனிட் ஒட்டிக்கிட்டு இருக்கும், அமவுண்ட் எல்லாம் சடோஷியில முழு எண்ணா மட்டும்தான், ஒரு பிட்காயின்னா 10 கோடி சடோஷி, புள்ளி வச்ச நம்பர் எந்த எக்ஸாம்பிள்லயும் கிடையாது. நாலு யூனிட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்ச அந்த டேபிளும் அவங்க போட்டதுதான். இன்னிக்கு ஃபீ பத்தி யார் கேட்டாலும் நாங்க அந்த டேபிளைத்தான் தூக்கிப் போடறோம், லைப்ரரி எழுதினவரே அதைத் தொறந்து வச்சுத்தான் வேலை பாக்கறார்.

அட்ரஸ் பக்கத்துல, அட்ரஸை எழுதற பெக்32ங்கற முறை எந்த டைப்பிங் தப்பையும் கண்டுபிடிச்சிடும்ங்கற மாதிரி ஒரு பழைய வரி கிடந்துச்சு. கடைசி எழுத்து பி-யா இருந்தா அதுக்கு முன்னாடி க்யூ எத்தனை சேத்தாலும் எடுத்தாலும் செக்சம் (தப்பைப் பிடிக்க கடைசியில சேக்கற எழுத்துகள்) கண்டுக்காது, அதனாலதான் பிப் 350ல பெக்32எம் வந்துச்சு, டாப்ரூட்ங்கற புது வகை அட்ரஸ் எல்லாம் அதுலதான். இதைச் சுட்டிக் காட்டி, நாமளே ஓட்டிப் பாக்கற மாதிரி ஒரு குட்டி எக்ஸாம்பிளும் எழுதித் தந்த பிரேசில் தோழிக்கு நன்றி. டிரான்சாக்‌ஷன் ஐடி ஏன் பைட் எல்லாம் தலைகீழா தெரியுதுன்னு படம் வரைஞ்சு தந்தவருக்கும்.

அப்புறம் டாக் டெஸ்ட். பக்கத்துல இருக்கற கோட் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கமிட்டுக்கும் நிஜமாவே ஓடணும், ஓடலன்னா மெயின் கோடோட மெர்ஜ் ஆகக் கூடாதுன்னு செட்டப் பண்ணிக் கொடுத்தார் ஒருத்தர். ரஸ்ட்ங்கற ப்ரோக்ராமிங் மொழியில இந்த வசதி கூடவே வருது, ஆனா இக்னோர்னு ஒரு வார்த்தை போட்டா டெஸ்ட் அந்த கோடைத் தாண்டிப் போயிடும், அவசரத்துல எல்லாரும் அதைப் போட்டு போட்டு பாதி எக்ஸாம்பிள் ஓடாமலே கிடந்துச்சு. அவர் அந்த இக்னோர் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்தார். எடுக்க எடுக்க உடைஞ்சுச்சு. உடைய உடைய சரி பண்ணார். சத்தமில்லாத வேலை, சொன்னா போர் அடிக்கும், செஞ்சவருக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஸ்க்ரீன் ரீடர் வச்சு படிக்கற நண்பர் ஒருத்தர் வந்து, உங்க காப்பி பட்டன் கட்டளைக்கு முன்னாடி இருக்கற டாலர் குறியையும் சேத்து காப்பி பண்ணுது, ஃப்ளோசார்ட் எல்லாம் எனக்கு வெறும் "இமேஜ்"னு மட்டும் கேக்குதுன்னு சொன்னார். டாலர் குறி சமாச்சாரம் எல்லாரையும் கடுப்பேத்திக்கிட்டுதான் இருந்திருக்கு, வாய் விட்டு சொன்னது அவர் ஒருத்தர்தான். படங்களுக்கு எல்லாம் விளக்கத்தையும் அவரே கேட்டுக் கேட்டுத் திருத்தினார்.

இன்ஸ்டால் பக்கம் முந்தி ஒரு வரிதான் இருந்துச்சு, இப்ப நீளமாயிடுச்சுன்னு புகார் வருது. 2024 டிசம்பர்ல சொலானாங்கற இன்னொரு கிரிப்டோவோட வெப்3 ஜேஎஸ் லைப்ரரியில சாவியைத் திருடற ரெண்டு வெர்ஷனை என்பிஎம்ல (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை இறக்கற இடம்) ஏத்தி விட்டாங்க, சில மணி நேரம்தான், அந்த நேரத்துல அப்டேட் பண்ணவன் மாட்டினான். அதனால வெர்ஷனைப் பூட்டறது எப்படி, ரிலீஸ் கையெழுத்தைச் சரி பாக்கறது எப்படின்னு ரெண்டு பத்தி சேத்திருக்கு. அதை எழுதின செக்யூரிட்டி ஆளுக்கு நன்றி, நீளம் அப்படியேதான் இருக்கும். சாட்ல "சப்போர்ட் டீம்"னு பேரு வச்சுக்கிட்டு சீட் கேக்கற ஆளுங்களை ராத்திரி பகலா தூக்கி வெளிய போடற மாடரேட்டர்களுக்கும் நன்றி. சீட் கேட்டா அது நாங்க இல்லங்கற வரி எல்லாப் பக்கத்துக்கும் அடியில வந்தது அவங்க சொல்லித்தான்.

மெயின்டெய்னர்கள் (லைப்ரரியைப் பாத்துக்கறவங்க) கிட்ட நான் நிறைய சண்டை போட்டிருக்கேன், போட வேண்டியதுதான். ஆனா டாக்ஸ் இல்லாம புது ஏபிஐ (மத்த ப்ரோக்ராம் லைப்ரரியைக் கூப்பிடற வழி) மெர்ஜ் ஆகாதுன்னு ரூல் போட்டு, அந்த ரூலுக்காக ஒரு ரிலீஸையே தள்ளி வச்சாங்க பாருங்க, அதுக்கு பெரிய மனசு வேணும்.

வீட்டுக்கும் ஒரு நன்றி. கிரிப்டோ வேலைன்னதும் சொந்தக்காரங்க எல்லாம் "எந்தக் காயின் வாங்கலாம்டா?"ன்னு கேக்கறாங்க, நான் விளக்கப் புத்தகம் எழுதறேன் சித்தப்பான்னா நம்ப மாட்டேங்கறாங்க. இந்தியாவுல லாபத்துல 30 சதவீதம் வரி, வித்தா 1 சதவீதம் டிடிஎஸ், 2022ல இருந்து இதான் சட்டம்னு சொன்னா பேச்சு அங்கயே நின்னுடுது. அம்மா மட்டும் ஒண்ணும் கேக்காம காப்பி போட்டுக் கொடுத்தாங்க.

பிஎஸ்பிடி (கையெழுத்து முழுசா முடியாத டிரான்சாக்‌ஷனைக் கைமாத்தற ஃபார்மட்) பக்கம் இன்னும் டிராஃப்ட்டுலதான் இருக்கு, ஹார்ட்வேர் வாலட் வச்சு யாராச்சும் முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்து எங்க முட்டுதுன்னு சொன்னா போதும், சரி பண்றது எங்க பாடு. விண்டோஸ்ல பில்ட் பண்ற பக்கத்துக்கும் ஆள் வேணும், எங்க யார் கிட்டயும் விண்டோஸ் இல்ல.

அன்போட,
டாக்ஸ் பாத்துக்கற ஆள்