அந்த இரண்டு இருக்கைகளுக்கு நன்றி

இன்று, 2025 மார்ச் 19, விடிகாலை நம் நேரம் 3.27 மணி. ஃபுளோரிடா கடலில் விண்கலம் இறங்கி, நான்கு பாராசூட்டுகளும் தண்ணீரில் சரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சுற்றிலும் டால்ஃபின்கள் நீந்திக்கொண்டிருந்தன. சுனிதா வில்லியம்ஸ் வெளியே வந்து கையசைத்தபோது அம்மா டிவியைப் பார்த்துக் கும்பிட்டார். சுனிதாவும் உடன் போன புட்ச் வில்மோரும் சில நாள் பயணமாக போயிங்கின் ஸ்டார்லைனர் கலத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போனவர்கள். அந்தக் கலம் பழுதானதால் 286 நாள் ஆகிவிட்டது. வந்துவிட்டார்கள், அது போதும்.

தூங்கப் போகுமுன் நன்றி சொல்லிவிடுகிறேன். முதலில் நாசா விண்வெளி வீராங்கனைகள் ஜீனா கார்டுமன், ஸ்டெஃபனி வில்சன் இருவருக்கும்.

க்ரூ-9 என்ற பயணத்தில், ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் நான்கு பேர் நிலையத்துக்குப் போவதாக இருந்தது. கார்டுமன்தான் கமாண்டர், அவருக்கு அது முதல் பயணம். வில்சன் நாசாவின் பழைய விண்வெளி ஓடமான ஷட்டிலில் மூன்று முறை போய்வந்தவர். ஸ்டார்லைனரை ஆளில்லாமல் இறக்குவது என்று முடிவானதும், சுனிதாவும் புட்ச் வில்மோரும் திரும்பிவர இரண்டு இடம் வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று கார்டுமன், வில்சன் பெயர் பட்டியலிலிருந்து போனது. புறப்பட ஒரு மாதம்கூட இல்லை. முடிவு நாசாவுடையதுதான், சரி. ஆனால் அதை ஏற்றுக்கொண்ட மனசு இவர்களுடையது. ரயிலில் யாராவது லோயர் பெர்த் கேட்டாலே நாம் எவ்வளவு யோசிக்கிறோம்!

ஸ்டார்லைனர் கிளம்பிப் போனபின் மூன்று வாரம், அவசரம் என்றால் சுனிதாவுக்கும் வில்மோருக்கும் வேறு வழியில்லை. அப்போது நிலையத்தில் நின்றிருந்த முந்தைய குழுவின் க்ரூ-8 டிராகனில் சரக்கு வைக்கும் இடத்தில், நுரைமெத்தை மேல் பட்டை கட்டிப் படுத்தபடிதான் வந்திருக்க வேண்டும். செப்டம்பர் 28 அன்று இரண்டு இருக்கை காலியாகக் கிளம்பிய க்ரூ-9 கலத்தில்தான் வில்மோருக்கு அளவான டிராகன் உடையும் போனது. கார்டுமன் அந்த ராக்கெட் கிளம்புவதைத் தரையில் இருந்து பார்த்தார். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், 2018 அக்டோபரில் பாதி வானத்தில் ராக்கெட் பழுதாகி உயிர்தப்பி, மறுபடியும் மறுபடியும் மேலே போய், இன்று இவர்களைக் கூட்டிவந்த நிக் ஹேக். கூடவே வந்த ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் கோர்புனோவ். 2024 ஜூனில், நிலையத்தின் வாசலருகே செயலிழந்த ஸ்டார்லைனரின் ஐந்து த்ரஸ்டர்களில் (கலத்தைத் திருப்பி நகர்த்தும் சிறு உந்துபொறிகள்) நான்கை மீட்டுக்கொடுத்த ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள். நிலையத்தில் பொறுப்பை வாங்கிக்கொள்ளப் போன அடுத்த குழுவான க்ரூ-10 நால்வர். கடலில் படகுகளோடு காத்திருந்தவர்கள். சுனிதாவின் அப்பா ஊரான குஜராத்தின் ஜூலாசனில் விளக்கேற்றி வைத்து வேண்டிக்கொண்ட ஊர்க்காரர்கள். எல்லாருக்கும் நன்றி.

இந்த 2025 மார்ச் வரை கார்டுமன் மேலே போகவில்லை. அவர் போகும் நாளில், நம் நேரத்துக்கு அது எந்த நடுராத்திரியாக இருந்தாலும், அம்மாவையும் எழுப்பி உட்காரவைத்துப் பார்ப்பேன். வில்சன் போகும்போதும் அப்படியே.